சொல்ல ஓர் இடம்

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் வாய் பேசாதவர்கள் என்று யாரும் அபவாதம் சொல்ல முடியாது. கண்டாச்சிபுரத்தில் விடியற்காலையில் டீக்கடை பாய்லர் கொதிப்பதற்கு முன்பே பேச்சு கொதிக்க ஆரம்பித்துவிடும். மழை ஏன் வரவில்லை, வந்த மழை ஏன் நிற்கவில்லை, டில்லியில் யார் யாரைக் கவிழ்க்கப் போகிறார்கள், திருவிழாக் கணக்கில் துண்டு விழுந்தது எப்படி என்று எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்புக் கிடைக்கும். டீக்கடையில் முடியாத வழக்கு முடிதிருத்தும் கடையில் முடியும். அங்கேயும் முடியாவிட்டால் சாயங்காலம் திண்ணை இருக்கிறது.

பேசப்படாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பேசுகிறவன் தன் கஷ்டத்தைப் பேச மாட்டான். தன் பெருமையைப் பேசுவான். பிறத்தியார் கஷ்டத்தைப் பேசுவான். இரண்டும் கலந்து விடிய விடியப் பேசுவான். தன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது மட்டும் அவன் வாயிலிருந்து வராது.

இந்த உண்மையை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், பாறைக் குன்றுகளுக்கும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் நடுவே இருக்கிறது கண்டாச்சிபுரம். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து எங்கள் பக்கத்தில் அப்படி ஆகிவிட்டது. இப்போது ஊர் ஒரு வட்டத்துக்குத் தலைமை இடம். விழுப்புரம் என்று தனி மாவட்டம் 1993-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் நாங்கள் தென்னாற்காடு ஜில்லாக்காரர்கள். என் தகப்பனார் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பிறர் வரவு செலவை ஒரு காசு பிசகாமல் எழுதினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, திண்ணைக்கு வருவார். நாலு சிநேகிதர்கள் வருவார்கள். முப்பது வருஷம் அந்தத் திண்ணைக்கு ஒரு நாள் கூட விடுமுறை கிடையாது.

1983-இல் அவர் காலமானார். காரியம் முடிந்த மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் கையில் பிராமிசரி நோட்டு இருந்தது. இன்னொருவர் கையில் எங்கள் வீட்டின் அடமானப் பத்திரம் இருந்தது. அக்காளின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஒன்பது வருஷமாக வட்டிக்கு வட்டி ஏறிக் குட்டி போட்டிருந்தது. பிறர் கணக்கில் ஒரு காசு பிசகாத மனுஷர் தம் கணக்கை ஒருவருக்கும் காட்டாமலே போய்விட்டார்.

திண்ணைச் சிநேகிதர்கள் நாலு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றார் ஒருவர். அவருக்கு அந்தக் காலத்தில் நல்ல வசதி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "நாமும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். இல்லாத மனுஷர்களின் மனசுக்குள் புகுந்து பார்த்துப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதுண்டு. "ஒன்றுமில்லை" என்றார். நான் மறுபடியும் கேட்கவில்லை. பட்டாசு வெடிக்கப் போய்விட்டேன்.

வீடு கடனுக்குப் போயிற்று. ஊருக்கு வெளியே ஒரு மனை மட்டும் மிஞ்சியது. அந்த மனையை வைத்துக்கொண்டு என் தம்பியும் நானும் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தப் பழங்கதையை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். என்னோடு படித்த சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறார், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். அவர் வீட்டில்தான் தங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டே, "இன்னிக்கு எங்க சபையிலே ஆண்கள் ஐக்கியக் கூட்டம் இருக்குது. நீயும் வாயேன்" என்றார்.

நான் தயங்கினேன். பிரசங்கம் என்றால் எனக்குக் கொட்டாவி வரும் என்பது அவருக்குத் தெரியும். "போதகர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார், இன்னிக்கு வரமாட்டார். பிரசங்கம் கிடையாது. அவிச்ச மல்லாட்டை உண்டு" என்றார். மல்லாட்டைக்காகப் போனேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

தென்னாற்காட்டில் கிறிஸ்தவம் நேற்று வந்த சமாசாரம் இல்லை. கத்தோலிக்கக் குருமார்கள் அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள். 1860-களில் டென்மார்க்கிலிருந்து லுத்தரன் மிஷனரிகள் வந்தார்கள். மேல்பட்டாம்பாக்கம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அவர்கள் நட்ட பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் பிறகு ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தன. பெரிய கோபுரமுள்ள கோயில்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் போனது ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம். பெஞ்சுகளைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு நடுவில் கோரைப் பாய் விரித்திருந்தார்கள். பதினாலு பேர் இருந்தோம். சைக்கிள் கடைக்காரர் ஒருவர், மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், போர்வெல் வண்டியில் வேலை பார்த்து ஊர் ஊராய்ச் சுற்றும் பையன், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பி வந்து என்ன செய்வதென்று தெரியாத இளைஞர் ஒருவர், காது முழுவதும் மந்தமாகிப்போன கிழவர் ஒருவர். கிழவருக்கு எதுவும் கேட்காது. ஆனாலும் ஒரு வாரமும் தவறியதில்லை என்றார்கள்.

முதலில் கீர்த்தனை பாடினார்கள். சுருதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வாய்விட்டுச் சேர்ந்து பாடுகிறபோது தவறான சுருதி கூட ஒரு பலமாகிவிடுகிறது. பிறகு வேத புத்தகத்திலிருந்து ஆளுக்கு இரண்டு வசனம் வாசித்தார்கள். போர்வெல் பையன் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவன் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பாராத காரியம் நடந்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். தேதி எழுதினார். "ஜெப விண்ணப்பம்" என்றார். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஆளாளுக்கு முறை வந்தது.

"மகளை மாப்பிள்ளை வீட்டிலே வச்சிக்க மாட்டேன்றாங்க. புதன்கிழமை பேசப் போறேன்" என்றார் லைன்மேன். செயலாளர் எழுதிக்கொண்டார். "வாத்தியாரே, போன வாரம் கண் ஆபரேஷன்னு எழுதியிருக்குதே?" என்று என் சிநேகிதரைப் பார்த்துக் கேட்டார். "பயந்துகொண்டு தேதியைத் தள்ளிப் போட்டுட்டேன்" என்றார் சிநேகிதர். இரண்டு நாளாக நான் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை! அடுத்தது ஒரு கொத்தனார். "குடிக்காம இன்னியோட பதினஞ்சு நாள் ஆவுது" என்றார். கைதட்டல் இல்லை, புத்திமதி இல்லை. செயலாளர் "15" என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நடுத்தர வயசுக்காரரின் முறை வந்தது. கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். அவர் வெகுநேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். "என்ன விஷயமாண்ணே?" என்றார் செயலாளர். "எழுத வாணாம்" என்றார் அவர். செயலாளர் நோட்டை மூடி, பேனாவை அதன்மேல் வைத்தார். அறையில் ஒரு சத்தமில்லை. காது கேளாத கிழவர் மட்டும் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, மெல்ல நகர்ந்து வந்து அந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்தது. மல்லாட்டை வந்தது. கலைகிற நேரத்தில் பார்த்தேன்: இரண்டு பேர் அவரோடு சேர்ந்து நடந்தார்கள், ஒருவர் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மிச்சத்தைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். மூன்று இடத்தில் போர்வெல் போட்டிருக்கிறார். இரண்டில் தண்ணீரில்லை, மூன்றாவதில் வெறும் புழுதி. கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. பெண்சாதிக்குத் தெரியாது. அன்று ராத்திரி அந்த இருவரும் அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்கள். போகும்போது, பயிருக்கு அடித்து மிச்சமிருந்த பூச்சிமருந்தை, "எங்க கொல்லைக்கு வேணும்" என்று சொல்லிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கொல்லையே கிடையாது. திங்கட்கிழமை மூன்று பேராகக் கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசி, வட்டியை நிறுத்தித் தவணை வாங்கினார்கள். "நீங்க கதை எழுதுறவராமே? எழுதுங்க. எம் பேர் மட்டும் வாணாம்" என்றார். ஆகையால் பேர் போடவில்லை.

சென்னைக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. என் தகப்பனாரின் திண்ணைக்கும் இந்தக் கோரைப் பாய்க்கும் என்ன வித்தியாசம்? அங்கேயும் ஆண்பிள்ளைகள், இங்கேயும் ஆண்பிள்ளைகள். அங்கே இருந்த சிநேகம் இங்கே இருப்பதைவிடக் குறைவென்று சொல்ல மாட்டேன். திண்ணை நண்பர்கள் நாலு பேரும் தங்கமானவர்கள்.

வித்தியாசம் ஏற்பாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. திண்ணைக்கு ஒவ்வொருவனும் தன்னிடம் இருப்பதைக் கொண்டுவருகிறான். பாய்க்கு ஒவ்வொருவனும் தன்னிடம் இல்லாததைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முறை வைத்துக் கேட்கிறார்கள். லைன்மேன் சொல்லிவிட்டார், தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இனி நான் சொல்வதில் எனக்கென்ன தனி அவமானம்?

அதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஒருவரும் மற்றவரிடம் உதவி கேட்பதில்லை. கேட்பது கடவுளிடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் அது விழுகிறது, அவ்வளவுதான். என் தகப்பனார் சிநேகிதரிடம் கை நீட்டியிருக்க மாட்டார். செத்தாலும் நீட்டியிருக்க மாட்டார். நீட்டாமலே செத்துப் போனார். ஆனால் சாமியிடம் தினமும் கேட்டிருப்பார். வாய்க்குள் முணுமுணுத்துக் கேட்டதை இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டிருந்தால்? நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டிருந்தால்? ஜெபத்தைக் கடவுள் கேட்கிறாரா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பக்கத்திலிருந்த இரண்டு மனுஷர்கள் கேட்டார்கள் என்பதற்கு நான் சாட்சி.

மூன்றாவது, அந்த நோட்டுப் புத்தகம். "என்ன விஷயம்?" என்று எவரும் ஒரு தடவை கேட்டுவிடலாம். நான் கூட ஒரு தீபாவளிக்குக் கேட்டேன். "போன வாரம் சொன்னீர்களே, அது என்ன ஆயிற்று?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்குத்தான் உலகத்தில் ஆளில்லை. நோட்டுப் புத்தகம் அதைக் கேட்கிறது.

ஐக்கியம் என்ற சொல் எங்கள் மாதிரி சைவக் குடும்பங்களில் பெரிய சொல். ஜோதியில் கலப்பதற்குத்தான் ஐக்கியம் என்போம். கிறிஸ்தவர்களின் தமிழ் வேதத்தில் அது கொய்னோனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேராக வருகிறது. அதற்குப் பங்கு, கூட்டு என்றும் பொருளாம். சீமோனோடு மீன் பிடித்த கூட்டாளிகளை லூக்கா அதே வேரிலிருந்து வரும் சொல்லால்தான் குறிக்கிறார் என்று சிநேகிதர் விளக்கினார். ஒரே வலையைச் சேர்ந்து இழுக்கிறவர்கள்! ஜோதியில் கலப்பது செத்த பிறகு; வலை இழுப்பது நாளைக்குக் காலையில்.

வீடு வந்ததும் சில புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். உலகத்தில் பல பெரிய காரியங்கள் இப்படிப் பத்துப் பேர் ஓர் அறையில் கூடியதில்தான் ஆரம்பித்திருக்கின்றன. 1844-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ஆம் தேதி லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைச் சிப்பந்தி தம் சகாக்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள். பகலெல்லாம் கடையில் நின்று கால் கடுத்து, இரவில் கடைக்கு மேலேயே படுத்துறங்கியவர்கள். அந்தச் சிறு கூட்டம்தான் ஒய்.எம்.சி.ஏ. ஆயிற்று, 1890-இல் சென்னைக்கும் வந்தது. அதற்குப் பதினொரு வருஷம் முன்பே, 1833-இல், பாரிஸில் பிரெடெரிக் ஓஸானாம் என்ற இருபது வயது மாணவர் தம் நண்பர்களோடு கூடி வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிவிட்டார். வாரம் ஒரு முறை கூடுவார்கள். ஏழைகள் வீட்டுக்கு நேரில் போவார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. கொடுப்பவனின் பெருமையையும் இல்லாதவனின் வெட்கத்தையும் ஒரே பையில் மூடி வைத்த அந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

நம் பக்கத்திலேயே சேலத்தில் பிறந்த கே. டி. பால் இருந்தார். 1930-இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனவர்; ஒய்.எம்.சி.ஏ.வுக்கு இந்தியா முழுவதற்கும் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். அவர் கிராமங்களில் பார்த்த முதல் வியாதி கடன். அதற்கு மருந்தாகக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை அவர் பரப்பினார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த் தலைவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வழி அது: ஒருவரையொருவர் அறிந்த ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பேற்பது. கடன் எவ்வளவு என்பதை நாலு பேரிடம் சொல்லத் துணிந்தால்தானே நாலு பேர் பொறுப்பேற்க முடியும்? சொல்லத் துணிந்த பேச்சுக்குப் பணமதிப்பு உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மதம் இருந்தால்தான் இது நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சந்தித்தார்கள். இருவரும் மொடாக் குடியர்கள். ஒரு குடியனின் கஷ்டம் இன்னொரு குடியனுக்குத்தான் புரியும் என்று உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் வயசான ஆண்களுக்கென்று ஊருக்கு ஊர் பட்டறைக் கொட்டகைகள் ஏற்பட்டன. முகத்துக்கு முகம் பார்த்து ஆண்பிள்ளைக்குப் பேச வராது. பக்கத்தில் நின்று பலகை இழைத்துக்கொண்டிருந்தால் தானாகப் பேச்சு வரும் என்பது அவர்கள் அனுபவம். ஆணுக்கு ஒரு சாக்கு வேண்டும். இழைப்புளியானால் என்ன, கீர்த்தனையானால் என்ன, மல்லாட்டையானால்தான் என்ன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்துப் பேருக்கு ஏழு பேர் ஆண்கள்! அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேரும் டீக்கடைக்குப் போகாதவர்களா? திண்ணையில் உட்காராதவர்களா? அவர்களைச் சுற்றி எவ்வளவு பேச்சு நடந்திருக்கும்! கேட்டவர்களுக்கெல்லாம் எத்தனை தடவை "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பார்கள்!

இவ்வளவு தூரம் புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்லாவிட்டால் நான் நல்ல சாட்சியாக மாட்டேன்.

முதல் குறையைச் சிநேகிதரின் மனைவியே சொன்னார். மல்லாட்டை அவித்தது யார் என்று நான் கேட்டேன்; அம்மையார் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் உங்க கஷ்டத்தையெல்லாம் வாயாலே சொல்லாம மூஞ்சியைக் காட்டியே எங்க தலையிலே வச்சீங்க. இப்ப நீங்களே ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கறீங்களே, அதுக்கு ஒரு குண்டான் மல்லாட்டை என்னா, ரெண்டு குண்டானே அவிக்கலாம்" என்றார். ஆணின் மௌனத்தைச் சுமக்கிறவள் பெண் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

இரண்டாவது, பேச்சு வெளியே கசிவது. பாயில் சொன்னதைப் பஸ் நிலையத்தில் சொன்ன ஆளும் உண்டாம். அதனால் ஒருவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்த நம்பிக்கையை மறுபடி கட்ட இரண்டு வருஷம் ஆயிற்று என்றார் சிநேகிதர். அதற்குப் பிறகுதான் "எழுத வேண்டாம்" என்ற சலுகை வந்தது.

மூன்றாவது குறை பெரிது. நாட்டுக்கே உரியது. "இந்தப் பாயில் ரெண்டு தெருக்காரர்களும் உட்காருகிறார்களா?" என்று சிநேகிதரைக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்கு இது பழைய புண். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன் சாதி வித்தியாசம் சபைக்குள் அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பல பேர் சாதியை விட மனமில்லாமல் கோயிலை விட்டே வெளியேறினார்கள். அதற்கு 175 வருஷத்துக்குப் பிறகு, 2008 மார்ச்சில், எங்கள் ஜில்லாவிலேயே அப்போது இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர் போயிற்று. கும்பிட்டது ஒரே கடவுளை. எங்களுக்கும் இதில் மார்தட்ட ஒன்றுமில்லை. நந்தனாருக்குக் கூட நெருப்பில் இறங்கிய பிறகுதானே ஐக்கியம் கிடைத்தது!

சிநேகிதர் கடைசியில் சொன்னார்: "பாயிலே ஒண்ணாத்தான் உட்கார்றோம். அன்னிக்கு ராத்திரி அந்தாள் வீட்டுத் திண்ணையிலே படுத்த ரெண்டு பேர்லே ஒருத்தர் இந்தத் தெரு, ஒருத்தர் அந்தத் தெரு. ஆனா ஒருத்தர் வீட்டுக்குள்ளே ஒருத்தர் போய்ச் சாப்பிடறது இன்னும் பாக்கி இருக்குது." பொய் சொல்லாத பதில். ஐக்கியம் என்பது ஒரு சங்கத்துக்கு வைத்த பெயர் மட்டும்; அதை அடைவது இன்னும் பாக்கியிருக்கிற வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி என் விஷயம்.

அன்றைக்குப் பாயில் முறை சுற்றி வந்து என்னிடமும் வந்தது. நான் விருந்தாளி, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். செயலாளர் விடவில்லை. "ஐயா, உங்களுக்கு ஏதாச்சும் விண்ணப்பம் உண்டுங்களா?" என்று கேட்டார்.

ஐம்பது வருஷமாக வார்த்தை விற்றுப் பிழைக்கிறவன் நான். "ஒன்றுமில்லை" என்றேன்.

சொல்லி வாய் மூடிய பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. என் தகப்பனார் சொன்ன அதே வார்த்தை, அதே தோரணை. தலையை லேசாக ஆட்டியது கூட அவரேதான்.

ஒன்றுமில்லாமல் இல்லை. கண்டாச்சிபுரத்துக்கு நான் போனதே அந்த மிச்ச மனை விஷயமாகத்தான். அதை விற்பதற்கு என் தம்பியின் கையெழுத்து வேண்டும். தம்பியும் நானும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. மனையில் அவனுக்கு எத்தனை அடி, எனக்கு எத்தனை அடி என்று ஆரம்பித்த பேச்சு, அப்பாவின் கடைசிக் காலத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதில் போய் முடிந்தது. பக்கத்தில் இருந்தவன் அவன். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இதையெல்லாம் ஓர் ஆளிடமும் நான் சொன்னதில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பவர்களிடம், "நன்றாக இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கென்ன தெரியும், அவன் எப்படி இருக்கிறான் என்று?

சென்னைக்கு வந்த மறு வாரம் சனிக்கிழமை ராத்திரி சிநேகிதர் டெலிபோன் செய்தார். கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாராம். நிலத்துக்காரர் வந்திருந்தாராம், இந்தத் தடவை நோட்டில் எழுதச் சொன்னாராம். கொத்தனாருக்கு 22.

"உன் பேரையும் நோட்டிலே எழுதியிருக்குது" என்றார்.

"நான்தான் ஒன்றுமில்லை என்றேனே!"

"ஒண்ணுமில்லேன்னு சொல்றவங்களைத்தான் முதல்லே எழுதுவோம். பேர் எழுதி, விஷயத்துக்கு நேரா இடம் விட்டிருக்குது. வர சனிக்கிழமை கேட்பாங்க."

கொஞ்ச நேரம் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பிறகு, "தம்பி என்று எழுதிக்கொள்" என்றேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. "சரி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கேட்பார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? வியாழக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டேன். மனையைப் பற்றிப் பேசவில்லை. "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை அண்ணா, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றான்.

நான் மறுபடியும் கேட்டேன்.